பூர்வகுடிச் சிறுவரும் சர்க்கார் பரீட்சையும்

ஆஸ்திரேலியாவில் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது ஆகிய வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகள், சிட்னி நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் இருந்தாலும் சரி, செம்மண் பாலையின் நடுவே இரண்டு மூன்று ஆசிரியர்களோடு நடக்கும் சின்னஞ்சிறு பள்ளியில் இருந்தாலும் சரி, ஆண்டுக்கு ஒருமுறை ஒரே பரீட்சையை ஒரே பாஷையில் எழுதுகிறார்கள். 'நாப்லான்' என்று சுருக்கமாக வழங்கும் இந்தத் தேசியப் பரீட்சை 2008-ஆம் ஆண்டில் தொடங்கியது. வாசிப்பு, எழுத்து, மொழி மரபு, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகளின் தேர்ச்சியைச் சோதித்து, 2023 முதல் அவர்களை நான்கு தரங்களாகப் பிரித்துக் காட்டுகிறது. கடைசித் தரத்துக்குக் 'கூடுதல் உதவி தேவை' என்று பெயர். தேசத்து மாணவர் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் அந்தத் தரத்தில் இருக்கிறார். பூர்வகுடிப் பிள்ளைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்.

இந்த முடிவுகள் வெளியாகும்போதெல்லாம் இரண்டு கட்சியினர் தயாராகக் காத்திருக்கிறார்கள். பெற்றோர் பிள்ளைகளை ஒழுங்காகப் பள்ளிக்கு அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஒரு கட்சி. வெள்ளையர் தமக்காக வகுத்த பரீட்சை வேறெந்த முடிவைத்தான் காட்டும், அதைத் தூக்கி எறியுங்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே சொல்வதற்கு எளிதானவை. சொன்ன பிறகு ஒரு காரியமும் செய்யத் தேவையில்லாதவை என்பதே இரண்டின் பெரும் சௌகரியம். இந்த வித்தியாசம் பிள்ளைகளின் புத்தியிலோ பெற்றோரின் அசிரத்தையிலோ முளைத்ததன்று. இருநூறு ஆண்டுகளாகச் சட்டத்தாலும் உத்தரவாலும் திட்டத்தாலும், சில சமயம் நல்லெண்ணத்தாலும்கூட, சர்க்காரின் கையாலேயே செய்து வைக்கப்பட்டது என்பதை நிலைநாட்டுவதற்கு வேண்டிய சாட்சியம் அந்த தேசத்துப் பதிவேடுகளிலேயே கிடக்கிறது.

நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் கவர்னராக இருந்த லாக்லன் மக்வாரி, பூர்வகுடிச் சிறுவர்களுக்கு ஆங்கிலமும் கிறிஸ்தவமும் கற்பிக்கும் நோக்கத்தோடு, 1814-ஆம் ஆண்டு இறுதியில் பாரமட்டா என்னும் ஊரில் ஒரு விடுதிப் பள்ளியை ஸ்தாபித்தார். அதில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டவர்களில் ஒருத்தி மரியா என்று பெயரிடப்பட்ட சிறுமி. யாரமுண்டி என்னும் பூர்வகுடித் தலைவரின் மகள். 1819-ஆம் ஆண்டு அந்தக் குடியேற்றத்தின் பள்ளிப் பிள்ளைகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு பரீட்சை நடந்தது. பூர்வகுடிச் சிறுவர் இருபது பேரும் ஐரோப்பியச் சிறுவர் ஏறத்தாழ நூறு பேரும் அதில் கலந்துகொண்டார்கள். பதினான்கு வயதுடைய ஒரு கறுப்பினச் சிறுமி முதற் பரிசு பெற்றாள் என்று அக்காலத்து 'சிட்னி கெஜட்' பத்திரிகை செய்தி வெளியிட்டது. பத்திரிகை அவள் பெயரைக் குறிக்கவில்லை. அவள் மரியாவே என்பது சரித்திர ஆசிரியர்களின் கருத்து. மூன்று நான்கு ஆண்டுகளே ஆங்கிலம் கற்ற ஒருத்தி, அந்த பாஷையிலேயே பிறந்து வளர்ந்த நூறு பேரையும் முந்தினாள் என்றால், அந்தக் குடியேற்றத்தின் முதல் ஒப்பீட்டிலேயே 'பின்தங்கியவர்கள்' யாரென்ற கேள்விக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது என்றுதானே கொள்ள வேண்டும்? பிற்காலத்தில் அவள் மணந்துகொண்ட ராபர்ட் லாக் என்னும் தச்சர், எழுதப் படிக்கத் தெரியாத வெள்ளைக்காரக் கைதி. இறந்துபோன தன் சகோதரனுக்கு உரிமையாக இருந்த நிலத்தைக் கேட்டு 1831-ல் கவர்னருக்கு மனுச் செய்தவளும் அவள்தான்.

ஆயினும் அந்தப் பள்ளியை ஒரு பொற்காலமாக எண்ணிவிடலாகாது. சேர்த்த பிள்ளையைக் குறித்த வயது வரும்வரை திரும்ப அழைத்துக்கொள்ளப் பெற்றோருக்கு உரிமையில்லை; ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் விருந்தன்றுதான் பார்க்கலாம். கல்வி என்பது பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கும் ஏற்பாடு என்ற எண்ணம் பூர்வகுடி மக்களின் மனத்தில் அன்றைக்கே விதைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைச் சர்க்கார் அதிகாரிகளே குடும்பங்களிலிருந்து பறித்துச் சென்று, ஆண்களைப் பண்ணை வேலைக்கும் பெண்களைப் பணிப்பெண் வேலைக்கும் பழக்கிய கொடுமையால் அது ஆழ வேரூன்றியது.

அதைவிட அதிகமாக ஆராயத் தக்கது சாதாரணப் பள்ளிக்கூடங்களின் சரித்திரம். நியூ சவுத் வேல்ஸில் கட்டாயக் கல்விச் சட்டம் 1880-ல் பிறந்தது. எல்லாப் பிள்ளைகளும் என்று சட்டம் சொன்னதை நம்பித் தங்கள் பிள்ளைகளைப் பூர்வகுடிப் பெற்றோர் பள்ளிக்கு அனுப்பியபோது, 1883-ல் யாஸ் என்னும் ஊரில் வெள்ளைக்காரப் பெற்றோர் ஆட்சேபம் கிளப்பினார்கள். பூர்வகுடிப் பிள்ளைகள் வெளியேற்றப்பட்டார்கள். சுத்தமாகவும் ஒழுங்கான உடையோடும் மரியாதையாகவும் வந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்று பிறகு ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. 1902-ல் அந்தச் சமாதானமும் போயிற்று: வெள்ளைக்காரப் பெற்றோர் ஆட்சேபித்தாலே போதும், பூர்வகுடிப் பிள்ளைகளை வெளியேற்றிவிட வேண்டும் என்பது விதியாயிற்று. வெளியேற்றப்பட்டவர்களுக்கென்று ஒதுக்கிய தனிப் பள்ளிகளிலோ, கற்பித்தவர்களிற் பலர் ஆசிரியப் பயிற்சியே பெறாதவர்கள். கற்பித்ததும் பெரும்பாலும் கைவேலையும் வீட்டுவேலையுமே. தலைமையாசிரியர்களின் கையேட்டிலிருந்து இந்த விலக்கு விதி நீக்கப்பட்டது எந்த ஆண்டில் தெரியுமா? 1972-ல்.

அந்த ஆண்டை வாசகர் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். சந்திரனில் மனிதன் கால் வைத்து மூன்றாண்டு கழிந்த பிறகும் அந்த விதி புத்தகத்தில் இருந்தது. அப்போது எட்டு வயதுச் சிறுமியாக இருந்தவள் இன்று பாட்டியாகி, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு அதே ஊர்ப் பள்ளியின் வாசலில் நிற்கக்கூடும். வீட்டில் புத்தகம் இல்லை, பெற்றோர் பாடம் சொல்லிக் கொடுப்பதில்லை என்று அறிக்கைகள் எழுதுகிறார்களே, பாட்டியைப் பள்ளிக்குள் விடாதவர்கள் பேரனின் வீட்டில் நூல்நிலையத்தைத் தேடுவது என்ன நியாயம்?

இனி இன்றைய வகுப்பறைக்குள் வருவோம். பூர்வகுடி மக்கள் என்றதும் பாலைவனமும் வேட்டைக் கம்பும் நம் நினைவுக்கு வந்தாலும், அவர்களில் ஆறில் ஐந்து பேருக்கு மேல் நகரங்களிலும் அவற்றைச் சார்ந்த ஊர்களிலுமே வாழ்கிறார்கள். அங்கேயும் பரீட்சை முடிவில் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அதற்கு வறுமை, அடிக்கடி வீடு மாறுவது, ஆசிரியர் இவர்களிடம் அதிகம் எதிர்பார்க்காமல் இருப்பது ஆகிய, எந்த தேசத்து ஏழைக்கும் தெரிந்த காரணங்களே முதன்மையானவை. நகரத்தை விட்டு விலக விலக வித்தியாசம் விரிந்துகொண்டே போய், வடக்குப் பிரதேசத்தின் தொலைதூரக் கிராமங்களில் பாதாளம் போல ஆகிவிடுகிறது. அங்கே காரணமும் வேறு.

மத்தியப் பாலைப் பகுதியில் வார்ல்பிரி பாஷை பேசும் ஒரு குழந்தை, ஐந்து வயதில் முதல் வகுப்பில் வந்து உட்காருவதாக வைத்துக்கொள்வோம். அதன் பாஷையில் அ, இ, உ என்று மூன்றே உயிரொலிகள். நம்முடைய ஒரே பகரம் இருவகையாக ஒலிப்பதைப் போலவே, வல்லெழுத்தில் அழுத்தி ஒலிப்பதும் மென்மையாக ஒலிப்பதும் அங்கே தனித்தனி எழுத்துகளாகக் கொள்ளப்படுவதில்லை. (ஆஸ்திரேலிய பாஷைகளின் சில பிரதிப் பெயர்கள் திராவிட பாஷைகளின் பெயர்களை ஒத்திருப்பதாகக் கால்டுவெல் பாதிரியார் தம் ஒப்பிலக்கணத்தில் எழுதிப்போனார். இக்கால மொழிநூலார் அந்த உறவை ஏற்பதில்லை. எனினும் 'பேட்'டுக்கும் 'பெட்'டுக்கும் 'பிட்'டுக்கும் வேறுபாடு தெரியாமல் ஆங்கில வகுப்பில் திகைத்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு வார்ல்பிரிக் குழந்தையின் சங்கடம் புரியாமற் போகாது.) இந்தக் குழந்தையிடம், எழுத்தைப் பார்த்து ஒலியைச் சொல் என்று, அதன் வீட்டில் யாருமே பேசாத பாஷையில், அதன் பாஷையை அறியாத ஆசிரியர் கட்டளையிடுகிறார்.

அதோடும் முடியவில்லை. அந்தக் குழந்தையின் காதில் சீழ் வடிகிறது. நெருக்கமான வீடும், குழாய்த் தண்ணீருக்கே தட்டுப்பாடும், கைக்குழந்தைப் பருவத்திலேயே திரும்பத் திரும்பப் பற்றும் தொற்றும் சேர்ந்து, நடுச்செவியை அழற்சியிலேயே வைத்திருக்கின்றன. ஒரு ஜனசமூகத்துக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இப்படி நாட்பட்ட செவிச்சீழ் இருந்தால் அது பெரும் பொதுச் சுகாதார நெருக்கடி என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பு. வடக்குப் பிரதேசத்தின் பல பூர்வகுடிக் கிராமங்கள் அந்த எல்லையை எவ்வளவோ தாண்டியவை. மெல்லிய ஒலிகள் கேட்பதில்லை. கூரையில் மின்விசிறி இரைந்தால் ஆசிரியர் சொல்வதில் பாதி போய்விடுகிறது. பிள்ளை கவனிக்கவில்லை என்று ஆசிரியர் குறித்துக்கொள்கிறார். தெரியாத பாஷையைக் கேளாத காதால் கற்கும்படி ஏவப்பட்ட பிள்ளை, நாலாவது நாள் பள்ளிக்குப் போகாமல் பெரியப்பாவோடு வேட்டைக்குப் போனால், அதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 2019-ல் தேசம் முழுவதிலும் பூர்வகுடிப் பிள்ளைகளின் வருகை 82 சதவிகிதமாகவும் மற்றவர்களின் வருகை 92 சதவிகிதமாகவும் இருந்தது. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோரின் உதவித்தொகையை நிறுத்துவது வரை போய்ப் பார்த்தார்கள், பலனில்லை.

வடக்குப் பிரதேசத்து அதிகாரிகளுக்குப் பாஷையின் அருமை தெரியாமல் இல்லை. 1973-ல் பிரதமர் விட்லமின் அரசாங்கத்தின் காலத்தில், தாய்பாஷையில் எழுத்தறிவு பெற்று அதன் வழியே ஆங்கிலத்துக்குச் செல்லும் இருமொழிப் பள்ளிகள் அங்கே தொடங்கப்பட்டன. கிராமத்துப் பெரியவர்கள் பள்ளியில் வந்து அமர்ந்தார்கள். அதுவரை அச்சேறாத பாஷைகளில் சிறுவர் நூல்கள் வந்தன. பூர்வகுடி ஆசிரியர்கள் உருவானார்கள். 1998 இறுதியில் பிரதேச அரசாங்கம் அந்தத் திட்டத்தை ஒழிக்கப்போவதாக அறிவித்தது. எதிர்ப்பைக் கண்டு பின்வாங்கிப் பெயரை மாற்றி வைத்துக்கொண்டது. பிறகு 2008 வந்தது. முதல் நாப்லான் முடிவுகள் வெளியாகி, வடக்குப் பிரதேசம் அடிமட்டத்தில் நின்றது. சில வாரங்களுக்குள் கல்வி மந்திரி மாரியன் ஸ்க்ரிம்கர், எல்லாப் பள்ளிகளிலும் தினமும் முதல் நான்கு மணி நேரம் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டார். அவரும் பூர்வகுடி வம்சத்தைச் சேர்ந்தவர்தாம்; பின்னாளில் அந்த உத்தரவைக் குறித்து வருந்தியவரும் அவரே. பிள்ளைகள் புத்துணர்ச்சியோடு இருக்கும் காலை வேளை முழுவதும் புரியாத பாஷைக்குப் போயிற்று. தாய்பாஷைக்கு மிஞ்சியது பிற்பகலின் வெயிலும் தூக்கமும். ஆங்கிலத் தேர்ச்சி அதனால் உயரவில்லை. சில ஆண்டுகளில் உத்தரவும் ஓசையின்றித் தேய்ந்து போயிற்று. அளப்பதற்காக ஏற்பட்ட கருவி, அளக்கப்படும் பொருளையே மாற்றிவிட்ட விபரீதம் இது. வார்ல்பிரியில் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு நாப்லானில் ஒரு மதிப்பெண்ணும் இல்லை என்பதால், வார்ல்பிரி வாசிப்பே வீண் என்று அதிகாரிகள் தீர்மானித்துவிட்டார்கள்.

பணத்தின் கதை சுருக்கமானது. 2015 முதல் அதே பிரதேசத்தில், பள்ளியில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்பதைப் பாராமல், எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பார்த்தே பணம் ஒதுக்கினார்கள். வராத பிள்ளையைத் தேடிப் பிடித்து வர அதிக ஆசிரியரும் அதிகச் செலவும் வேண்டியிருக்கும் பள்ளிக்குத்தான் குறைந்த பணம் போயிற்று! பல ஆண்டுகளுக்குப் பிறகே அந்த முறையைக் கைவிட முடிவு செய்தார்கள்.

வெற்றி எங்குமே இல்லை என்பதல்ல. குவீன்ஸ்லாந்து மாநிலத்துச் செர்பர்க் பள்ளிக்கு 1998-ல் கிறிஸ் சாரா தலைமையாசிரியராக வந்தார். அந்தப் பள்ளியின் முதல் பூர்வகுடித் தலைமையாசிரியர் அவர். இந்தப் பிள்ளைகளால் முடியாது என்று எண்ணும் ஆசிரியருக்கு இங்கே இடமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். பலர் போய்விட்டார்கள், புதியவர்கள் வந்தார்கள், காரணமின்றிப் பள்ளிக்கு வராமலிருப்பது வெகுவாகக் குறைந்தது. இதற்கு நேர்மாறான மார்க்கத்தை வழக்கறிஞரும் தலைவருமான நோயல் பியர்சன் கேப் யார்க் பகுதியில் 2010 முதல் கைக்கொண்டார்: ஆசிரியர் சொல்ல வேண்டிய ஒவ்வொரு வாக்கியத்தையும் முன்கூட்டியே எழுதித் தரும் அமெரிக்கப் போதனா முறை அது. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாகக் கற்பிப்பதில் அந்த முறைக்கு உள்ள வலிமையை இகழ வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பகுதியில் அவுருகுன் என்னும் ஊரில், விக்-முங்கன் பாஷை பேசும் பிள்ளைகளுக்கு ஓரிகன் மாகாணத்தில் எழுதிய வசனம் எவ்வளவு தூரம் சொந்தமாயிருக்கும்? 2016-ல் அந்த ஊரில் நடந்த கலவரத்தில் ஆசிரியர்களை வெளியேற்றிப் பள்ளியையே சில காலம் மூட நேர்ந்தது. அந்த முறையும் அங்கே கைவிடப்பட்டது. கலவரத்துக்குப் பாடமுறையைக் காரணம் காட்டுவது நியாயமாகாது. ஆனால் பள்ளிக்கூடம் ஊருக்குச் சொந்தமானதாக இருந்ததா என்று கேட்பதில் நியாயம் உண்டு.

என் கருத்தில், எல்லாவற்றிலும் மேலான படிப்பினை வடக்குப் பிரதேசத்தின் வடகிழக்கு ஆர்னம் நிலத்து யிர்க்காலா என்னும் ஊரில் இருக்கிறது. அங்குள்ள யோல்ங்கு மக்கள், தங்களைக் கேளாமல் தங்கள் பூமியைச் சுரங்கத்துக்குக் கொடுத்ததை எதிர்த்து, 1963-ல் மரப்பட்டையில் தம் சித்திரங்களைத் தீட்டி, தங்கள் பாஷையிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மனுவை அதில் ஒட்டிப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கு 1990-ல் தலைமையாசிரியரானவர் மண்டவுய் யுனுபிங்கு. 'யோத்து யிண்டி' என்னும் சங்கீதக் குழுவைத் தலைமை தாங்கி நடத்தி உலகமெங்கும் பாடியவரும் அவரே. தம் மக்களின் அறிவும் வெள்ளையரின் அறிவும் ஒன்றையொன்று விழுங்காமல் ஒரே பள்ளியில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அது வெறும் மேடைப் பேச்சாக நின்றுவிடவில்லை என்பதற்குக் கணக்குப் பாடம் ஒன்றே போதும். யோல்ங்கு மக்கள் அனைவரும் துவா, யிரிட்ஜா என்னும் இரண்டு பெரும் பிரிவில் ஒன்றைச் சேர்ந்தவர்கள்; பிள்ளை தகப்பன் பிரிவு, தாய் எதிர்ப் பிரிவு, தாயின் தாய் மறுபடியும் பிள்ளையின் பிரிவு. இப்படித் தாய்வழியில் மாறி மாறிச் செல்லும் உறவை விரலில் எண்ணி, இத்தனையாவது பாட்டி எந்தப் பிரிவு என்று பிள்ளை உடனே சொல்லிவிடும். ஒற்றை, இரட்டை, சுழன்று வரும் வரிசை என்று கணித சாஸ்திரம் சொல்வதை, உறவுமுறையிலிருந்து எடுத்து அந்தப் பள்ளியில் கற்பித்தார்கள். அம்மான் மகள் முறையென்றும் பெரியப்பா மகள் தங்கையென்றும் கணக்குப் போட்டே வளரும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது.

1998-ன் அறிவிப்பும் 2008-ன் உத்தரவும் வந்தபோது யிர்க்காலா மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. எதிர்த்து வாதாடி, இருமொழிக் கல்வியைத் தொடர்ந்து நடத்தினார்கள். 2020-ல் அந்தப் பள்ளியிலிருந்து எட்டு மாணவர்கள், சர்வகலாசாலையில் சேர்வதற்குரிய மதிப்பெண்ணோடு பன்னிரண்டாம் வகுப்பை முடித்தார்கள். அந்த ஊரில் அதற்கு முன் யாரும் அவ்வாறு முடித்ததில்லை. எட்டுப் பேர் என்பது அற்பத் தொகை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் பரீட்சையே வேண்டாம் என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யோல்ங்கு பெற்றோர் கேட்டது பரீட்சையிலிருந்து விலக்கு அல்ல, ஆங்கிலமும் வேண்டும், கணக்கும் வேண்டும், தங்கள் பாஷையும் வேண்டும் என்றே கேட்டார்கள். மரப்பட்டை மனுவை ஆங்கிலத்திலும் எழுதியவர்களுக்கு அந்த பாஷையின் பயன் தெரியாதா? மந்திரிகள் மாறும்போதெல்லாம் திட்டங்களும் மாறிய பிரதேசத்தில், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கொள்கையை ஊராரே பிடித்து நிறுத்தியதால் விளைந்த பலன் அது.

2008 பிப்ரவரி 13-ஆம் தேதி பிரதமர் கெவின் ரட், பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட தலைமுறையினரிடம் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். எழுத்தறிவிலும் எண்ணறிவிலும் உள்ள வித்தியாசத்தைப் பத்தாண்டுகளில் பாதியாகக் குறைப்பது என்ற சங்கல்பத்தையும் அதே உரையில் வெளியிட்டார். பத்தாண்டு கழிந்தது, சங்கல்பம் நிறைவேறவில்லை. 2020-ல் பூர்வகுடி ஸ்தாபனங்களோடு அமர்ந்து புதிய ஒப்பந்தம் ஒன்றை அரசாங்கங்கள் செய்துகொண்டன. மேலிருந்து விதிக்காமல் சேர்ந்து தீர்மானிப்பது என்ற அதன் ஆதாரக் கொள்கை மிகச் சரியானது. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புக்கும் கணக்குக்கும் உரிய இலக்கு அந்த ஒப்பந்தத்தில் காணவில்லை. எட்ட முடியாத இலக்கை நீக்கிவிடுவது அரசாங்கங்களுக்கு எப்போதும் சுலபமான காரியம்.

இருக்கின்ற இலக்குகளும் நம்பிக்கை தருவனவாக இல்லை. பள்ளியில் சேரும் வயதில் எல்லா அம்சங்களிலும் ஏற்ற வளர்ச்சி பெற்றிருக்கும் பூர்வகுடிக் குழந்தைகளின் விகிதம் 2031-க்குள் 55 சதவிகிதம் ஆக வேண்டும், 2018-ல் 35.2 ஆக இருந்தது 2021-ல் 34.3 ஆகி, 2024-ல் 33.9 ஆக இறங்கியிருக்கிறது. இருபது முதல் இருபத்து நான்கு வயதுக்குட்பட்ட பூர்வகுடி இளைஞரில் பன்னிரண்டாம் வகுப்போ அதற்குச் சமமான படிப்போ முடித்தவர்கள் 2016-ல் 63 சதவிகிதமாக இருந்து 2021-ல் 68 ஆக உயர்ந்தார்கள். 2031-ல் 96 ஆக வேண்டுமாம். பிரதமர் மன்னிப்புக் கேட்ட ஆண்டில் பிறந்த குழந்தைக்கு 2031-ல் இருபத்து மூன்று வயது நடக்கும். அந்தக் கணக்கில் எண்ணப்படப் போகிறவர்களில் அதுவும் ஒன்று. பத்தாண்டு வாக்குறுதியின் காலம் முழுவதையும் பள்ளியிலும் பள்ளிக்கு முந்திய பருவத்திலும் கழித்த அந்தப் பிள்ளைக்கு, ஆஸ்திரேலிய அரசாங்கம் இன்னும் பதில் சொல்லவில்லை.